விட்டுப்போன எழுத்து

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் எங்கள் பாஷைக்கு எழுத்து வேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றியது. தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். எங்கள் வீட்டு மகாராணி தையல் கடையை உள்பக்கமாகச் சாத்திவிட்டு, துணி வெட்டும் மேசையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, கோடு போடும் டெய்லர் சாக்பீஸும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள்.

சின்ன வயதில் அப்பா அம்மாவுக்குப் புரியாமல் பேச நாங்கள் இருவரும் உண்டாக்கிய பாஷை அது. ஐம்பதை நெருங்கியும் விடவில்லை. கடைக்கு வரும் வாடிக்கையாளர்களைப் பற்றி அவர்கள் எதிரிலேயே வம்பு பேச அதைவிட வசதி கிடையாது.

"போன்ல பதிஞ்சுக்கலாமேக்கா. எதுக்கு இந்தப் பாடு?"

"பதிஞ்சா நீ கேப்ப. எழுதினா நீ பேசணும்."

ஸ்டூலை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்தேன்.

தெரிந்த எழுத்து எதுவும் அந்தச் சத்தங்களுக்கு ஒத்துவரவில்லை. நாக்கை மடித்து விடும் சத்தத்துக்கு ஒரு மடிப்புக் கோடு போட்டாள். உதட்டில் வெடிப்பதற்குப் பட்டன். மூக்கில் இழுப்பதற்கு நெளிதையல். அவள் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, "ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்குடி" என்று மண்டையில் தட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் சாக்பீஸ் தூள் மெல்ல மிதந்துகொண்டிருந்தது. டாக்டர், தேதி, கட்டி எல்லாமே வேறு யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு எழுத்து. துணியை மடித்து என் பையில் திணித்தாள்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாள், கழுத்துக் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்து அக்கா அந்தத் துணியில் எழுதினாள். நான் உரக்கப் படித்தேன். பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைப் பற்றிய சமாசாரம். நர்ஸ் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் தோள் சத்தமில்லாமல் குலுங்கியது.

மறுபடி சாக்பீஸைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. என்னைக் கூப்பிடும் சத்தத்துக்கு எழுத்தே போடவில்லை. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து நான் என் கட்டிலில் முழித்துக் கிடக்கும்போது, உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்து ஒரு சத்தம் கொடுப்பாள். ஓடிப்போய் அவள் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். பாஷையே அதிலிருந்துதான் ஆரம்பித்தது. மூச்சுவிடுவதுபோல அவ்வளவு பழகிப்போனதை எழுத இருவருக்குமே தோன்றவில்லை.

அக்கா துணியின் ஓரத்தில் அந்தச் சத்தத்துக்கு ஒரு காஜா ஓட்டை வரைந்தாள். பட்டன் நுழையாத வெறும் காஜா. என் பக்கம் தள்ளினாள்.

நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை. கூப்பிடுவது அவள் வேலை, போவது என் வேலை. உதட்டைக் குவித்தேன். வெறும் காற்றுதான் வந்தது. பிறகு விசில் மாதிரி ஏதோ ஒன்று. அவள் உதட்டைப் பிதுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்தேன்.

கண்ணைத் திறந்தபோது, கழுத்தில் இருந்த டியூப்பை ஒரு கையில் பிடித்தபடி, அக்கா அந்தக் குறுகலான கட்டிலில் சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது.