மூலைக்காரன்

மூயங் இப்படி ஆடுவான் என்று சாங்கில் எதிர்பார்க்கவில்லை. பலகையின் மூலைக்கருகே நின்ற சாங்கிலின் வெள்ளைக் கல்லுக்கு அடியில், மழைக்கு ஒண்டுகிறவனைப் போல ஒரு கறுப்புக் கல்லைச் செருகினான். சாங்கில் விட்டுக்கொடுத்தான். நாலைந்து கல் வைப்பதற்குள் மூயங்குக்குக் குறுகலான மூலை, சாங்கிலுக்கு வெளியே நீண்ட சுவர் என்று முடிந்தது.

தேகு நகரில், மருந்துக்கடை மாடியிலுள்ள இந்தக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் இருவரும் கல் வைத்து இடம் வளைக்கும் பாதுக் ஆடி முப்பது வருஷமாகிறது. எப்போதும் மூலைக்காரன் சாங்கில்தான். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். கொஞ்சமானாலும் கைக்குள் நிற்பதே கணக்கு அவனுக்கு. டைல்ஸ் கடைக்காரன் மூயங்கோ மூலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெளியே சுவர் எழுப்புவான், நடுவெளி முழுக்கத் தனக்கே வரும் என்று. பாதி நாள் ஒன்றும் வராது. அதற்கும் சிரிப்பான்.

போன வாரம் மூயங்கின் மகள் உன்சோல் சாங்கிலிடம் போனில் அழுதாள். அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி. அறுத்தால் பத்து வருஷம் கிடைக்கலாம், அறுவை மேஜையிலேயே உயிர் போகவும் செய்யலாம். அறுக்காவிட்டால் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம் என்றாராம் டாக்டர். "நீங்க சொன்னாத்தான் மாமா அப்பா கேப்பாரு. அறுத்துக்கச் சொல்லுங்க." சாங்கில் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டான். நேரில் சொல்ல வாய் வரவில்லை. கல்லால் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் இன்று மூலையை விட்டு வெளியே போனான்.

மூயங் பாக்கெட் பொடி கலந்த காபியை ஆற்றாமலே குடித்தான். சட்டைக் காலருக்குள் கழுத்து சிறுத்திருந்தது.

"ஏன்டா, செத்தாலும் மூலைய விடமாட்டியே நீ. இன்னைக்கு என்ன தர்மப்பிரபு ஆயிட்ட?"

"உனக்கு என்ன வந்துச்சு? பொந்துக்குள்ள போய் உக்காந்துட்ட."

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்கலாம்னுதான். காத்தே வரல. ஆனா உசுரு இருக்கு." பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "உன்சோல் பேசினாளா?"

சாங்கில் தன் காபிக் கோப்பையை நகர்த்தி வைத்தான்.

"பேசியிருப்பா. அவ கெடக்குறா. நீ மனசார வெளிய வந்தியா, அவளுக்காக வந்தியா? அதச் சொல்லு."

"மனசாரத்தான்."

"அப்ப அடுத்த கல்லை நடுவுல வை. நான் திங்கக்கிழமை போய் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுடுறேன். மூலையில வச்சா வேணாம்னு விட்டுடுறேன். என்னால முடிவு பண்ண முடியலடா. ராத்திரியெல்லாம் யோசிச்சுட்டேன்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாங்கில் கிண்ணத்திலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்தான். எங்கே வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. சுவருக்கு நேர் எதிரே, நடுவெளியைப் பார்த்து. சின்னப் பையன்கூட அங்கேதான் வைப்பான்.

திங்கட்கிழமை கையெழுத்து. அந்த வாரமோ அடுத்த வாரமோ அறுவை. அதற்கடுத்த சனிக்கிழமை இந்தப் படியேறி வந்தால் எதிர் நாற்காலி காலியாக இருக்கலாம். ஒரு வருஷமென்றால் ஐம்பது சனிக்கிழமையாவது தேறும். ஐம்பதும் கைக்குள் நிற்கும். இப்படி எண்ணுவதற்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் எண்ணினான். மூயங் செத்துப்போவதைவிட இந்த மாதமே செத்துப்போவதுதான் தன்னால் தாங்க முடியாதது என்று அவனுக்குத் தெரிந்தது. உன்சோலின் குரல் காதிலேயே இருந்தது.

கை நடுவுக்குப் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு பலகையின் மறுகோடிக்கு நகர்ந்து, மூயங்கின் ஒற்றைக் கறுப்புக் கல்லுக்கு அடியில், இன்னொரு மூலைக்குள் வெள்ளைக் கல்லை வைத்தது.

மூயங் வெகுநேரம் அதைப் பார்த்தான்.

"சரி," என்றான்.

வைத்த கல்லைத் திரும்ப எடுக்கச் சாங்கில் விரலை நீட்டினான். மூயங் அந்த விரல்களை மெல்ல ஒதுக்கிவிட்டு, தன் கிண்ணத்துக்குள் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்தான். நடுவில் ஒரு கல்கூட இல்லை. ஜன்னல் வெயில் அங்கே கட்டம் கட்டமாக விழுந்து கிடந்தது.