பாறைக்கு அந்தப் பக்கம்

சொந்தத் தீவான தஹீத்தியில் பெண்கள் எங்களைக் கப்பலில் ஏற்றியபோது, மூன்றே நாளில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவதாகச் சொன்னான் நேதன். கேப்டனைப் படகில் இறக்கித் துரத்திவிட்டு, ராஜாவின் கப்பலையே பறித்துக்கொண்ட ஏழு ஆங்கிலேய மாலுமிகளில் அவனும் ஒருவன். பிடிபட்டால் அவர்களுக்குத் தூக்கு. அதனால் யாரும் எட்டிப் பார்க்காத இந்தத் தீவில் வந்து இறங்கினார்கள். இறங்கிய கையோடு கப்பலுக்குத் தீ வைத்தார்கள். பெண்கள் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒன்பது வருஷத்தில் நான்கு பேர் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு செத்தார்கள். மிஞ்சிய மூவரில் ஜோசையாதான் அதிகாரம் செய்தான். நேதன் என் புருஷனாக இருந்தான்.

அன்று காலை நானும், என்னோடு கப்பலில் வந்த ஹெய்யுராவும் மேட்டில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தோம். அவள்தான் முதலில் பார்த்தாள்.

"மோயாத்தா, அங்க பாருடி! கப்பல்!"

புகை காட்டிக் கூப்பிட நெருப்பு எடுக்கக் குடியிருப்புக்கு ஓடினேன். அதற்குள் ஜோசையா புகை வெளியே தெரியாமலிருக்க அடுப்புக் குழிகளில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"எவளாவது மூச்சு விட்டீங்க, கழுத்தை அறுத்துடுவேன்!"

நேதன் மரத்தடியில் வெளிறிப்போய் நின்றான். அம்மாவை நினைத்துத் தினமும் அழுகிறவன்.

"யோவ், உங்க ஊர்க் கப்பல்தானே? வாய்யா, போயிடலாம்."

"போனா கயிறுதான், மோயாத்தா."

"கயிறு உனக்கு. எனக்கென்ன? நான் என்ன கப்பலா திருடினேன்?"

ஜோசையா முதுகு காட்டிய நேரத்தில், இன்னும் மூடாத குழியிலிருந்து கொட்டாங்கச்சியில் தணலை அள்ளிக்கொண்டு உச்சிக்கு ஏறினேன்.

மூன்று நாள் மழையில் சுள்ளியெல்லாம் ஊறிக் கிடந்தது. ஹெய்யுரா ஊதினாள், நான் ஊதினேன். கண் எரிந்ததே தவிர நெருப்பு பிடிக்கவில்லை. ஆத்திரத்தில் என் மேல்துணியை உருவித் தணல்மேல் போட்டேன். மரப்பட்டைத் துணி குப்பென்று பற்றியது. புகை எழுந்தது.

கப்பல் திரும்பியது. ஒரு படகு இறங்கியது. நாங்கள் அழுதுகொண்டே கத்தினோம்.

கரையேற இருப்பது ஒரே ஒரு இடம், கரையோரப் பாறைக்குப் பின்னால். படகு நேராகப் பாறையைப் பார்த்து வந்தது. அலை தூக்கி எறிந்தது. மறுபடி வந்தார்கள், மறுபடியும் எறிந்தது.

நேதன் மூச்சிரைக்க மேலே வந்தான். தீயை மிதிக்க வருகிறான் என்று நினைத்துக் கல்லை எடுத்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. விளிம்பில் நின்று படகைப் பார்த்தான்.

"பாறைக்கு அந்தப் பக்கம் வாங்கடா! அந்தப் பக்கம்!" என்று தன் பாஷையில் தொண்டை கிழியக் கத்தினான். தூக்குக் கயிறு அப்போது அவன் நினைவிலேயே இல்லை.

எதிர்க்காற்று. அவன் குரல் எங்களையே தாண்டவில்லை.

படகு திரும்பிப் போனது. சற்று நேரத்தில் கப்பலும் பாய் விரித்துப் போய்விட்டது.

நேதன் ஈரமண்ணில் உட்கார்ந்தான். "கத்தினேன்ல, மோயாத்தா? நீ கேட்டேல்ல?"

"நான் கேட்டு என்னய்யா பிரயோஜனம்? கப்பலுக்குத் தீ வச்சாங்களே, அன்னிக்குக் கத்தியிருக்கணும்."

அவன் தலையாட்டினான். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அன்றே என் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹெய்யுராவின் குடிசைக்குப் போய்விட்டேன். மறுநாள் முதல் நேதன் அந்த வாசலில் மீன் வைத்துவிட்டுப் போகிறான். நாங்கள் சுட்டுத் தின்கிறோம். உள்ளே வா என்று அவனை நான் கூப்பிட்டதில்லை.