சிவப்பு வண்டியின் ஆயுள்

வாய்ச்சொல்லாலேயே ஒரு வண்டியை வாழவைக்க முடியுமென்றால், கிளட்ச் டீச்சரின் சிவப்பு வண்டி நூறாண்டு ஓடியிருக்கும். அதைப் பற்றி அவ்வளவு பேசியிருந்தார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை அவர். அதட்டியும் தட்டிக்கொடுத்தும் அவர் பழக்கிவிட்டவர்கள்தான் அந்த ஊர்ச் சாலைகளில் பாதிப்பேர். "சாவியைத் திருப்பு, எஞ்சினைக் கிளப்பாதே, முதல்ல விளக்கைப் பாரு" என்பதே அவரது முதல் பாடம். மீட்டர் பலகையில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒருகணம் எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். "அணையாத விளக்கு உன்கிட்ட பேசுது. எரியவே எரியாத விளக்கு ஊமையாயிடுச்சு. ஊமையானதுக்குத்தான் நீ பயப்படணும்" என்பார்.

சிவப்பு வண்டியை அவர் வாங்கியபோது ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. "ரெண்டே கதவு, தரையோட தரையாக் கிடக்கு. இது வண்டியா, செருப்பா?" என்றார் பள்ளி மேலாளர். "வேகத்துக்குன்னு செஞ்ச வண்டியெல்லாம் வாலிபத்துல ஆடிட்டு, நடுவயசுல படுத்துடும் டீச்சர்" என்றார் மருந்துக்கடைக்காரர். பொம்பளைக்கு எதற்கு இந்தப் பந்தய வண்டி என்று வாய்விட்டுக் கேட்டவர்கள் சிலர். கண்ணால் கேட்டவர்கள் பலர்.

யாருக்கும் அவர் அன்று பதில் சொல்லவில்லை. வண்டியைச் சொல்லவைத்தார். காலையில் கிளப்பியவுடன் முடுக்க மாட்டார். நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்தால் உடனே அணைக்க மாட்டார். சற்று நேரம் மெல்ல உறுமவிட்டு, சூடு தணிந்த பிறகே சாவியை உருவுவார். ஆண்டுகள் ஓடின. கேலி பேசியவர்களின் சாதுவான குடும்ப வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போயின. சிவப்பு வண்டி ஒருநாள்கூட நடுவழியில் நின்றதில்லை. "வேகமா ஓடற வண்டி சீக்கிரம் சாகும்னு யாரு சொன்னது? கவனிக்காத வண்டிதான் சாகும்" என்று இப்போது அவர் சொல்லும்போது, மருந்துக்கடைக்காரர் மாத்திரைப் பட்டையைக் கத்தரிப்பதில் மும்முரமாகிவிடுவார்.

வண்டியின் பராமரிப்பு தம்பியின் பொறுப்பு. தெருமுனையில் பட்டறை வைத்திருந்தான். மாதம் தவறாமல் வந்து, "கழுவித் தரேன்க்கா" என்று ஓட்டிப்போவான். பளபளவென்று திருப்பித் தருவான். அவன் கைபட்ட வேலையை டீச்சர் சரிபார்த்ததில்லை. உடன்பிறந்தவனைச் சோதிப்பதா? தாய் போட்ட சோற்றை நஞ்சிருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதற்கு ஒப்பல்லவா அது? ஊருக்கெல்லாம் விளக்கைக் காட்டிய கண்கள், சொந்த வண்டியில் ஏறியதும் நேரே சாலையைப் பார்த்தன.

மகளுக்கு மலைமேல் உள்ள ஊரொன்றின் மருத்துவமனையில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்களன்று புறப்பட வேண்டும். ஞாயிறு காலை, டீச்சர் சிவப்பு வண்டியின் சாவியை அவள் கையில் வைத்தார்.

"இனிமே உனக்குத்தான். எங்க, கிளப்பு பாப்போம்."

மகள் அமர்ந்தாள். சாவியைத் திருப்பினாள். கிளப்பவில்லை.

"என்னடி, சாமி வரணுமா?"

"ஆயில் லைட் எரியலம்மா."

டீச்சர் குனிந்து பார்த்தார். மற்ற விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. எண்ணெய்க்குடுவைப் படம் இருக்க வேண்டிய இடம் கறுத்துக் கிடந்தது. மகள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தாள்.

"அம்மா... டிக்கில ரெண்டு டின் ஆயில் வெச்சிருக்கார் மாமா. மலை ஏறறதுக்கு முன்னாடி பாத்து ஊத்திக்கோ, அம்மாகிட்ட சொல்லாதேன்னார். நீ புலம்புவேன்னு சும்மா சொல்றார்னு நெனச்சேன். இப்போதான் பயமா இருக்கு."

டீச்சர் மகளோடு இடம் மாறி அமர்ந்து, நடக்கிற வேகத்தில் பட்டறைக்கு ஓட்டிப்போனார்.

அங்கே தம்பி ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். டீச்சரின் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானோடு கதையளப்பது அவர் வழக்கம்.

"ஆயில் பல்பு எங்கடா?" என்றார் டீச்சர்.

தம்பி ஸ்பேனரைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். "ஃபியூஸ் போயிருக்கும்க்கா."

"ஃபியூஸ் போனா ஒரு விளக்கு மட்டுமா போகும்? நான் என்ன நேத்து லைசென்ஸ் எடுத்தவளா?"

தம்பி பதிலுக்கு அக்காவைப் பார்க்கவில்லை, பெஞ்சைப் பார்த்தான். அந்தப் பார்வை போன வழியே டீச்சரின் பார்வையும் போனது. கணவரின் முகத்துக்கு முன்னால் செய்தித்தாள் உயர்ந்தது.

"ஏங்க, பேப்பரைக் கீழ வைங்க."

பிறகு உண்மை, கிழிந்த கோணியின் தானியமாகக் கொட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் டீச்சர் பயிற்சி முகாமுக்கு வெளியூர் போயிருந்த வாரத்தில், கணவரும் தம்பியும் சிவப்பு வண்டியை ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமான ஓடுபாதைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முழு வேகத்தில் மூன்றாம் கியரிலிருந்து நான்காவதுக்குப் போகவேண்டிய தம்பியின் கை தவறி இரண்டாவதில் விழுந்திருக்கிறது. எஞ்சின் அலறி, உள்ளுக்குள் நொறுங்கியது. டீச்சர் ஊர் திரும்புவதற்குள், விபத்தில் நசுங்கிய வேறொரு வண்டியின் எஞ்சினைப் பொருத்திவிட்டார்கள். அது எண்ணெய் குடிக்கிற எஞ்சின். அளவு குறைந்தால் வளைவுகளில் விளக்கு கண்சிமிட்டும். ஆகவே விளக்கையே பிடுங்கிவிட்டார்கள். மாதாமாதம் கழுவியதெல்லாம் எண்ணெய் ஊற்றுவதற்குச் சொன்ன சாக்கு.

"பழைய எஞ்சின்?"

"இரும்புக்குப் போட்டாச்சுக்கா."

டீச்சர் வண்டியின் முகப்பின்மேல் கையூன்றி நின்றார். எந்த எஞ்சினுக்காகக் காலையில் பொறுமை காத்தாரோ, எதன் சூடு தணியட்டும் என்று வாசலில் காத்திருந்தாரோ, அது எப்போதோ உருக்கப்பட்டுவிட்டது. அவர் கொஞ்சியதெல்லாம் முகம் தெரியாத வேறொன்றை. கவனித்தால் நிலைக்கும் என்று அவர் ஊருக்குச் சொன்ன சாட்சியம் பொய். சொன்னவருக்கே தெரியாமல் பொய்யாக்கியவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள்.

"உனக்கு எதுக்கு மனக்கஷ்டம்னுதான்..." என்று ஆரம்பித்தார் கணவர்.

"அடுத்தவன் புஸ்தகத்துல ஒரு கமா விட்டுப்போனா செவப்பு மையில வட்டம் போடுவீங்க. வீட்டு வண்டியில எஞ்சினையே மாத்தியிருக்கீங்க. அதுக்கு ஒரு கோடுகூட இழுக்கத் தோணலியா?"

"நீ தாங்கமாட்டேன்னு நெனச்சோம்."

"பிரேக் எதுன்னு தெரியாதவன் பக்கத்துல தினமும் உயிரைக் குடுத்து உக்காருறேன். நான் தாங்கமாட்டேனா?"

தாங்கமாட்டாள்! பெண்ணின் கண்ணைக் கட்டிவிட்டு, வெயில் உறுத்தாமல் இருக்கத்தான் என்று சொல்கிற தயவு இது. இந்தத் தயவுக்குப் பாசம் என்று பெயர் வைத்து, பரம்பரை பரம்பரையாக அவளிடமிருந்தே நன்றியையும் வாங்கிக்கொள்கிறார்கள். இவர்கள் விமான ஓடுபாதையில் செய்தது விளையாட்டு. கை தவறுவது எவருக்கும் நேரும். மன்னித்துவிட்டிருப்பார். பிடுங்கிய விளக்கைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. அது கை தவறி நடந்ததல்ல. யோசித்து, பலகையைக் கழற்றி, மறுபடி மாட்டிச் செய்த வேலை.

"மலைப்பாதை முழுக்க வளைவுடா," என்றார் தம்பியிடம். குரல் உயரவில்லை. "ஆயில் தீந்து, வளைவுல எஞ்சின் இறுகி நின்னிருந்தா? விளக்கு இல்லாத வண்டியில என் பொண்ணை ஏத்தி அனுப்பப் பாத்தியே."

"அதான் ரெண்டு டின்..."

"டின்னை வெச்சே. வாயையும் மூடச் சொன்னே. என் பொண்ணை எனக்கு எதிரா உங்க கூட்டத்துல சேத்துக்கப் பாத்தே."

தம்பியின் கண்கள் கலங்கின. "தப்புதான்க்கா. இந்த எஞ்சினைப் பிரிச்சு, நானே புதுசாக் கட்டித் தரேன். ஒரு வாரம் குடு. என்மேல நம்பிக்கை இல்லியா?"

டீச்சர் சன்னல் வழியே கையைவிட்டு கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். "இறங்கு, தள்ளு" என்றார் மகளிடம்.

சாலைக்கு எதிர்ப்புறம் நெட்டை மெக்கானிக்கின் பட்டறை. தம்பிக்கும் அவருக்கும் தொழிலில் ஆகாது. ஒருவர் வாசலில் மற்றவர் மிதித்ததில்லை. சொந்த அக்காவின் வண்டி அந்த வாசலுக்குப் போவதென்றால், அதைவிடப் பெரிய தலைகுனிவு தம்பிக்கு இல்லை. அவன் வேலையாட்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"அக்கா, அங்க வேணாம். ஊரே பாக்குது."

"பாக்கட்டும்டா. இத்தனை வருஷம் நான் பாக்காததை ஊர் பாக்கட்டும்."

கணவர் எழுந்து வந்து பின்புறம் கைவைத்தார். "நீங்க விடுங்க" என்றார் டீச்சர். அவர் கையை எடுத்துக்கொண்டு, நடுச்சாலையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். பின்னால் வந்த பால்வண்டிக்காரன் மணியடித்து அவரை ஒதுக்கினான்.

நெட்டை மெக்கானிக் இரண்டடி முன்னால் வந்து, வண்டியையும் டீச்சரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன டீச்சர், இந்தப் பக்கம் காத்து வீசுது? கடைசியா யாரு கைவெச்சது இதுல?"

"என் தம்பி. எஞ்சின் வேற வண்டியோடது. ஆயில் குடிக்கும். விளக்கைப் பிடுங்கியிருக்கு." எதையும் அவர் மறைக்கவில்லை. எதிர்ப்புறம் கேட்கும்படியே சொன்னார்.

நெட்டை மெக்கானிக்கின் முகத்தில் எழுந்த சிரிப்பு, டீச்சரின் முகத்தைக் கண்டதும் அடங்கியது. "சரி பண்ணலாம். ஆனா இந்த மாதிரி வண்டி இன்னும் எவ்வளவு நாள் வரும்னு கையடிச்சுச் சொல்ல முடியாது. எவ்வளவு நாள் ஓடணும் உங்களுக்கு?"

"ஓடற வரைக்கும் ஓடட்டும். நாளைக்கே நிக்கும்னாலும் சொல்லுங்க, கேட்டுக்கறேன். எனக்குத் தெரியாம ஓட வேணாம்."

மகள், முன்பே ஏற்றிவைத்திருந்த தன் பெட்டியை டிக்கியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். "அப்போ நாளைக்கு நான் பஸ்ல போயிடறேன்மா."

"போ. முன்சீட்டா பாத்து உக்காரு, வளைவுல வாந்தி வரும்."

நெட்டை மெக்கானிக் முகப்பைத் தூக்கி நிறுத்தினார். டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருக்கு முன்னால் குனிந்து, உள்ளே பார்த்தார்.