குளத்தில் நின்ற கடைசிக் கட்டு

அணு உலையை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அதில் எரிந்து முடிந்த எரிபொருள் மட்டும் போக்கிடம் இல்லாமல், அதே கட்டடத்தில் ஓர் ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் நீளக் கம்பிகளின் கட்டுக் கட்டாக நின்றுகொண்டிருந்தது. ஊரார் அதைக் குளம் என்றார்கள். கதிர்வீச்சைத் தடுப்பதும் சூட்டைத் தணிப்பதும் அந்தத் தண்ணீர்தான். பம்பு நின்றால் என்ன ஆகும், சுவர் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்பதே ஊருக்குத் தீராத கவலை.

'குளத்தைக் காலி செய்' என்று ஊரைத் திரட்டியவள் ஒரு தையல் கடைக்காரி. அந்தக் குளத்துக்கு மேலேயே கிரேன் ஓட்டுகிறவள் அவளுடைய தம்பி மனைவி. இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தால் நடுவில் இருக்கும் தம்பிக்கு விக்கல் எடுத்துவிடும்.

"விஷத்துக்குக் காவல் காக்குற வேலை. உனக்கு உறுத்தவே இல்லையா?" என்பாள் தையல்காரி.

"யாராவது கை வெச்சாத்தானே அண்ணி அதை எடுக்க முடியும்? நீங்க போடுற சத்தத்துக்குப் பயந்து தானா எந்திரிச்சு நடந்து போயிடுமா?" என்பாள் கிரேன்காரி.

நீண்ட இழுபறிக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. மேட்டு நிலத்தில் உலர் கிடங்கு ஒன்று கட்டினார்கள். கட்டுகளை எஃகுக் கலத்தில் அடைத்து, தண்ணீரை வடித்து, மூடியைப் பற்றவைத்து, தடித்த கான்கிரீட் உருளைக்குள் நிறுத்திவிட்டால் போதும். காற்றே அதைக் குளிர வைத்துக்கொள்ளும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கிரேன்காரி கட்டுகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள்ளேயே தூக்கிக் கலத்துக்குள் இறக்கினாள். வேலை ஒழுங்காகப் போனது, கடைசிக் கட்டு வரும்வரை.

அது உலைக்குள் இருந்தபோதே வளைந்துபோனது. அதற்குக் 'கோணையன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கொக்கியை மாட்டித் தூக்கியதும் எடை காட்டும் முள் சரசரவென்று ஏறியது. கட்டின் இடுப்பு, அது நின்றிருந்த எஃகு அடுக்கின் விளிம்பில் மாட்டிக்கொண்டிருந்தது. உடனே நிறுத்திவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்தா வந்துடும்" என்றார் மேற்பார்வையாளர்.

"வரும் சார். எது பிய்ஞ்சு வரும்னுதான் தெரியாது."

மேலிடம் யோசித்தது. இந்த ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்து, அதைச் சொல்ல ஊர்க் கூட்டம் கூட்டியது. நிலையத் தலைவர் பேசி முடிப்பதற்குள் தையல்காரி எழுந்தாள்.

"ஒண்ணு உள்ள இருந்தாலும் அது குளம்தானே? அப்ப நாங்க இன்னும் பயந்துகிட்டே தூங்கணுமா?"

 கடைசி வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்த கிரேன்காரி எழுந்து நின்றாள். வேலை போனாலும் போகட்டும் என்று அந்த நொடியில் அவளுக்குத் தோன்றிவிட்டது.

"அண்ணி கேக்குறது நியாயம். அந்த ஒண்ணுக்காக எல்லாப் பம்பும் ஓடியாகணும். எடுத்துடலாம் சார். இதே மாதிரி வளைஞ்ச பொய்க் கட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க. கை பழகுற வரைக்கும் நிஜத்தைத் தொட மாட்டேன்."

மேடை ஓரத்தில் இருந்த நிலையத்தின் பொறியாளர் ஒருத்தி அவசரமாக எழுந்தாள். "அதை எடுக்குற கருவியை நான் வடிவமைக்கிறேன் சார்."

தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

"எடுக்குறப்ப நான் உள்ள வந்து பார்ப்பேன்" என்றாள் தையல்காரி. அதற்கும் தலையசைத்தார்.

பட்டறையில் பொய்க் கட்டோடு மல்லுக்கட்டினார்கள். கட்டுக்கும் அடுக்குக்கும் நடுவே மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகி, கட்டை வழுக்கிக்கொண்டு வரச்செய்வதுதான் பொறியாளரின் யோசனை. முதலில் செய்த தகடு காகிதம்போல மடங்கியது. அடுத்தது உள்ளேயே சிக்கிக்கொண்டது. பொறியாளர் தரையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"உடையறதெல்லாம் இங்கேயே உடையட்டும்மா" என்று கிரேன்காரி அவள் கையில் தேநீரைத் திணித்தாள். "அங்க உடைஞ்சாத்தான் வம்பு."

பிறகு நுனியை வளைத்து மெருகேற்றிய தகடுகள் வந்தன. அவற்றை வைத்துப் பொய்க் கட்டை எடுத்தார்கள். மறுபடியும் மறுபடியும் எடுத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கலாம் என்று ஆன பிறகுதான் நிஜத்துக்குத் தேதி குறித்தார்கள்.

அன்று காலை தையல்காரி தொளதொளப்பான வெள்ளை உடையில், கதிர்வீச்சை அளக்கும் வில்லையை மார்பில் குத்திக்கொண்டு, கண்ணாடிக்குப் பின்னால் பொறியாளரோடு நின்றாள். "இதைத் தைச்சவனுக்குக் கத்திரிக்கோல் பிடிக்கவே தெரியல" என்று முணுமுணுத்தாள். பயத்தில்தான் பேசுகிறாள் என்று அவள் குரலே காட்டிக்கொடுத்தது.

தகடுகள் இறங்கின. கொக்கி மாட்டியது. கிரேன்காரி தூக்கினாள். முள் ஏறியது, அவள் நிறுத்தினாள். ஒரு விரல்கடை இறக்கினாள், மீண்டும் தூக்கினாள். முள் மறுபடி ஏறி, நடுங்கி, சட்டென்று கட்டின் சொந்த எடைக்கே இறங்கி நின்றது. தண்ணீருக்கடியில் இருந்த கேமரா காட்டிய திரையில் கோணையன் தகட்டை உரசிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தான்.

"வருது!" என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

"கலத்துல இறங்கட்டும் சார். அப்புறம் கத்தலாம்."

இறங்கியது. கொக்கி விட்டது. அதற்கப்புறம் அவள்தான் முதலில் கத்தினாள். பொறியாளர் குதித்தாள். கண்ணாடிக்குப் பின்னால் தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இனி அந்தக் கிடங்குலயேதான் இருக்குமா?" என்று பொறியாளரிடம் கேட்டாள்.

"இல்லம்மா, அது இடைக்கால ஏற்பாடுதான். பூமிக்கடியில நிரந்தர இடம் அமையுற வரைக்கும்."

"அமையலேன்னா அதுக்கும் வந்து கத்துவேன்."

"கண்டிப்பா வாங்க. கத்துனாத்தான் அமையும்."

கடைசிக் கலமும் தண்ணீரை விட்டு வெளியேறியபோது, நிலையத்தின் வாசலில் ஊரே வெயிலில் நின்றிருந்தது. தையல்காரி கிரேன்காரியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"குளம் காலி!" என்றாள். கூட்டத்தின் இரைச்சலில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. அவள் தம்பி மனைவியின் கையை உயரத் தூக்கிப் பிடித்தாள். "குளம் காலி! எடுத்தது எங்க வீட்டுப் பொண்ணு!"

ஊர் ஆர்ப்பரித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்த தம்பிக்கு யாரை முதலில் கட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. இருவரையும் சேர்த்தே கட்டிக்கொண்டான்.