பருப்பு வெந்த தண்ணீர்

தெருக்குழாயடியில் இரண்டு அடுப்பு மூட்டியிருந்தார்கள். மூன்று மூன்று கல், சவுக்கு விறகு, ஒரே அளவில் இரண்டு பானை. ஒன்றில் குழாயில் பிடித்த போர் தண்ணீர். இன்னொன்றில் மேட்டு ஊற்றிலிருந்து குடத்தில் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் ஆழாக்குத் துவரம்பருப்பு. எதில் முதலில் வேகிறதோ அந்தத் தண்ணீர்தான் இனி குழாயில் வரும் என்று பஞ்சாயத்து மெம்பர் சின்னையன் சொல்லிவிட்டார். டீக்கடை பெஞ்சைத் தூக்கிவந்து நடுவில் போட்டு, நீதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஏசுராஜ் மகள் லூர்துசெல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கல்லூரியில் வேதியியல் படித்தவன். எந்தப் பானை ஜெயிக்கும் என்று அவனுக்கு அடுப்பு மூட்டும் முன்பே தெரியும்.

போன வருஷம் போர் போட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். கொஞ்ச நாளில் கசந்துவிட்டது. சோப்பு தேய்ந்ததே தவிர நுரைக்கவில்லை. பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. ஏற்காட்டில் இருந்துகொண்டு வாயில் வைக்க முடியாத காபி. பெண்கள் மறுபடியும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்கு ஏறினார்கள். அவன் மனைவி இன்பமேரியும் ஏறினாள்.

அதற்குள் ஊற்றுக்கு மேலே ஒரு லாட்ஜ் வந்திருந்தது. கோடை விழாவுக்கு அறைகள் நிரம்பி வழிந்தன. விழா முடிந்த கையோடு தெருவில் சிலருக்கு மஞ்சக்காமாலை. சூடு என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் குடித்து எழுந்துவிட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருந்த இன்பமேரி மட்டும் எழவில்லை.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. அடக்கம் முடிந்து ஏறிப்போய்ப் பார்த்தான். லாட்ஜின் கக்கூஸ் குழி ஊற்றுக்கு நேர்மேலே, கல்லெறி தூரத்தில் இருந்தது. கீழே ஊற்று பளிங்காகத் தெளிந்து கிடந்தது.

அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டான். இப்போது இன்னொரு தடவை சொன்னான்.

"கண்ணாடியாட்டம் இருக்குதுங்க ரைட்டரே, அதுல எங்கீங்க இருக்குது அழுக்கு?" என்றார் ஐயாக்கண்ணு.

"கண்ணுக்குத் தெரியாதுங்க. கிருமி."

"நம்ம கண்ணுக்குத் தெரியாததெல்லாம் காலேஜுக் கண்ணுக்குத் தெரியுமாட்ட இருக்குது!"

கூட்டம் சிரித்தது.

"போர் தண்ணியில சுண்ணாம்புச் சத்துதாங்க. குடிச்சா ஒண்ணும் பண்ணாது. பருப்புதான் வேகாது."

"ஏனுங்க, பருப்பையே வேக வெக்காத தண்ணி வயித்துல சோத்த எப்படிங்க செரிக்க வெக்கும்?" என்றாள் ஆராயி. இந்தத் தடவை மெம்பரே சிரித்துவிட்டார்.

ஏசுராஜ் அவர் பக்கம் திரும்பினான். "ஊத்துத் தண்ணியே விடறதுன்னா குளோரின் மருந்தாச்சும் போடச் சொல்லுங்க."

"போட்டா நாத்தமடிக்குதுன்னு இவிகளே என்னைய வைவாங்க."

"லாட்ஜுக்காரர்கிட்டக் குழிய வேற பக்கம் மாத்தச் சொல்லலாமுங்களே."

சின்னையன் குரலைத் தணித்தார். "பைப் இழுக்கற செலவே அவருதான் தர்றேன்னிருக்காரு. நல்ல மனுசன். அவர்கிட்டப் போயி நான் கக்கூஸப் பத்திப் பேசட்டுங்களா?"

ஏசுராஜ் மகளை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

பானையைக் கிளறிக்கொண்டிருந்த அத்தாயி நிமிர்ந்தாள். அடுத்த வீட்டுக்காரி. அவன் எஸ்டேட்டுக்குப் போனால் லூர்துசெல்வியைப் பார்த்துக்கொள்கிறவள். "அவர விடுங்க. பொண்டாட்டியப் பறிகுடுத்த மனசு. எது மேலயாச்சும் பழி போடோணும்னு இருக்குமல்லோ" என்றாள். பரிவாகத்தான் சொன்னாள்.

ஊற்றுத் தண்ணீர்ப் பானையில் பருப்பு மலர்ந்து குழைந்தது. அத்தாயி கரண்டியில் எடுத்து விரலால் நசுக்கிக் காட்டினாள். வெண்ணெய். போர் தண்ணீர்ப் பானையில் பருப்பு கோலிக்குண்டு மாதிரி உருண்டுகொண்டிருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். இன்பமேரி இருந்திருந்தால் அவளும் தட்டியிருப்பாள் என்று ஏசுராஜ் நினைத்தான். அவன் தோளிலிருந்த லூர்துசெல்வியும் தட்டினாள்.

கார்த்திகைக்குள் பைப் வந்துவிட்டது. போர் மோட்டாரைக் கழற்றி எடுத்துப் போனார்கள். குழாயடியில் நுரை பொங்கப் பொங்கத் துவைத்தார்கள். ஏசுராஜ் விடியற்காலையில் எழுந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற்றி, பாட்டிலில் ஊற்றி மகளோடு அத்தாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"அக்கா, இத மட்டும் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"காச்சுன தண்ணி சீக்காளிக்கு குடுக்கறதல்ல கண்ணு? புள்ள நல்லாத்தான இருக்குது?"

"எனக்காகக் குடுங்க."

"செரி, வெச்சுட்டுப் போ."

சாயங்காலம் பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வந்தது.

"வாயில வெச்சாத் துப்புது. புகை வாசம் அடிக்குதாமா" என்றாள் அத்தாயி. "ஆடிட்டு வந்து தண்ணி தண்ணினு அழுவுது. நான் கல்லாட்டம் பாத்துட்டு நிக்கறதா? கொழாத் தண்ணிதான் குடுத்தேன். நொம்ப ஆசையாக் குடிச்சுது."

அவன் குரலை உயர்த்தலாம். உயர்த்தினால் நாளைக்குக் குழந்தையை எங்கே விடுவது? ஊரில் அவனுக்கு வேறு ஆள் இல்லை. எஸ்டேட்டுக்குள் குழந்தையைக் கூட்டிப்போக விடமாட்டார்கள். கோபிக்கவும் முடியாதபடி, அத்தாயி குழந்தைக்குத் தலை சீவிப் பூ வைத்து அனுப்பியிருந்தாள்.

"செரிங்கக்கா" என்றான்.

வீட்டுக்குள் போகுமுன் வாசலிலேயே மகளை நிறுத்தினான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவள் முகத்தை அதன் பக்கம் திருப்பி, கீழிமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்தான். பிறகு இன்னொரு கண்.

"என்னப்பா பாக்கற?"

"ஒண்ணுமில்ல சாமி."

வெள்ளையாகத்தான் இருந்தது. வெளிச்சம் போதவில்லையோ என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தான்.