படத்தைத்தான் சொன்னேன்

சிஸ்டரம்மாவின் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தை அவருடைய பிள்ளைகள் கீழிருந்துதான் படிப்பார்கள். மேற்பாதியில் வீட்டுச் செய்தி இருக்கும்: முழங்கால் எப்படி இருக்கிறது, குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றதா, எதிர்வீட்டுத் தையல்காரம்மா இந்த வாரம் யாரோடு மல்லுக்கு நின்றார் என்பன போன்றவை. கீழ்ப்பாதியில், அவர் அந்த வாரம் பார்த்த திரைப்படத்தைப் பற்றிய கருத்து இருக்கும். மேலே இருப்பது வெறும் செய்தி என்பதும், சொல்ல வந்தது படத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும் என்பதும் அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். கடிதம் என்பது பழைய பெயர். இப்போது அது கைபேசியில், குடும்பக் குழுவில், காலை ஒன்பது மணிக்கு வந்து விழும்.

முப்பத்தாறு ஆண்டுகள் மருத்துவமனையில் செவிலியாக இருந்து, தலைமைச் செவிலியாக ஓய்வுபெற்றவர் அவர். வார்டில் அவருடைய பேச்சு கறாரானது. "ஊசி வலிக்குமா?" என்று கேட்டவரிடம் "வலிக்கும்" என்று சொன்ன ஒரே செவிலி என்று பெயர் எடுத்தவர். வீட்டில் அந்தக் கறார் செல்லுபடியாகவில்லை. கணவர் தொட்டாற்சுருங்கி, ஒரு குறை சொன்னால் இரண்டு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தொடமாட்டார். ஆகவே, மணமான முதலாண்டிலேயே சிஸ்டரம்மா ஒரு வழியைக் கண்டுபிடித்தார். சொல்ல வேண்டியதைப் படத்தின்மேல் ஏற்றிச் சொல்வது. "அந்தப் படத்துல வீட்டுக்காரன் குடிச்ச தம்ளரைக் கூடக் கழுவி வைக்க மாட்டேங்கறான், இப்படியும் ஒரு கதாநாயகனா?" என்பார். மறுநாள் தம்ளர் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்.

கணவர் காலமாகி ஒன்பது ஆண்டுகள் ஆயின. வழக்கம் காலமாகவில்லை, பிள்ளைகளையும் பற்றிக்கொண்டது. மகன் நான்கு மாதமாக எட்டிப் பார்க்காமல் இருந்தபோது, "கதாநாயகனுக்குக் கால் இருக்கிறது, வண்டி இருக்கிறது, அம்மாவைப் பார்க்கும் காட்சியைத்தான் இயக்குநர் எடுக்க மறந்துவிட்டார்" என்று எழுதினார். மூன்றாம் நாள் மகன் வாசலில் நின்றான். அயல்நாட்டில் இருக்கும் மகள் ஒருமுறை, "படத்தைக் குறை சொல்வதற்கில்லை அம்மா, எனக்குத்தான் பாதிக்குமேல் உட்கார முடியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். சிஸ்டரம்மா அதை இருமுறை படித்துவிட்டு, மருமகனின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். விவாகரத்துத் தாள் வந்தபோது யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நேரே பேசினால் உடைந்துபோகும் என்று நினைப்பவர்கள் இப்படித்தான் ஒரு மொழியை வளர்த்துக்கொள்கிறார்கள். அதை வளர்த்தவர்களே அதற்குள் மாட்டிக்கொள்ளும் நாள் வரும் என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்த நாள் ஒரு வியாழக்கிழமை, நண்பகல் காட்சியில் வந்தது. சிஸ்டரம்மாவும் தையல்காரம்மாவும் போயிருந்தார்கள். படத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். மகள் தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சுகிறாள். அவர் மாட்டேன் என்கிறார். கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு நாள் தரையிலேயே கிடந்து, சன்னல் வழியே வரும் வெயிலைப் பார்த்துப் புன்னகைத்தபடி உயிரை விடுகிறார். பின்னணியில் வயலின். தன்மானத்தோடு இறந்தார் என்று படம் சொன்னது. அரங்கமே மூக்கை உறிஞ்சியது. தையல்காரம்மாவும் உறிஞ்சினார்.

சிஸ்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அழறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு நாள் தரையில கிடந்தா முதுகு என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு? தோல் ஈரத் துணி மாதிரி கையோட வந்துடும். சிரிச்சுக்கிட்டே சாகறானாம்!"

"ஐயோ, விடுங்க சிஸ்டரம்மா. கையில பாப்கார்னை வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?"

அப்படிக் கிடந்து வந்தவர்களை வார்டில் அவர் தம் கையால் துடைத்திருக்கிறார். ஒருவர்கூடப் புன்னகைத்ததில்லை. வயலின் வாசிக்க யாரும் வந்ததுமில்லை. அந்தக் கோபம் ஞாயிற்றுக்கிழமைவரை ஆறாமல் இருந்து, கடிதத்தில் இறங்கியது. அவர் எழுதியது இது:

"முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. செவ்வாயன்று இரண்டாவது மாடித் திருப்பத்தில் சற்று நேரம் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். குழாய் சரியாகிவிட்டது. படம் படுமோசம். அந்தக் கிழவருக்கு இருந்தது தன்மானமன்று, வீம்பு. வீடு என்பது நான்கு சுவர். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சாவதில் என்ன பெருமை? மகள் கூப்பிட்டபோதே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் வாயால் வரமாட்டேன் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கையைப் பிடித்து அழைத்துப் போய்விட வேண்டும்."

பல ஆண்டுகளுக்குப் பிறகு, படத்தைப் பற்றி மட்டுமே அவர் எழுதிய கடிதம் அது. உள்ளே வேறெதுவும் இல்லை. குழுவில் அன்று முழுவதும் யாரும் பேசவில்லை. மாலையில் மகளிடமிருந்து ஓர் அழுமுகக் குறி வந்தது. எழுத்து நன்றாக அமைந்துவிட்டது போலும் என்று சிஸ்டரம்மா நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் மகன் வந்தான். கக்கத்தில் மடித்த அட்டைப்பெட்டிகள் ஒரு கட்டு.

"என்னடா இது? கடை வைக்கப் போறியா?"

"உனக்குத்தாம்மா. புத்தகத்துக்கு ஆறு, பாத்திரத்துக்கு நாலு. துணிக்குப் பெரிய பெட்டி வண்டியில இருக்கு."

"எதுக்கு?"

"போதும்மா, விளையாடாதே." அவன் ஒரு பெட்டியை விரித்தான். "ஆபீஸ்ல உட்கார்ந்து படிச்சேன். முடியல, எழுந்து வெளியில போயிட்டேன். நம்ம வீட்டுக்கு வந்துடுன்னு கேட்க எங்களுக்கு மூணு வருஷமா வாய் வரல. நீயாவே இவ்வளவு நாகரிகமா எழுதிட்டே. உன் மருமக அன்னிக்கே அந்த ரூமைக் காலி பண்ணிட்டா. பாத்ரூம்ல பிடிச்சுக்கக் கம்பி கூடப் போட்டாச்சு."

சிஸ்டரம்மாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் படத்தைத்தாண்டா சொன்னேன்."

"தெரியும்மா. நீ எப்பவும் படத்தைத்தான் சொல்லுவே."

"இல்லடா. நிஜமாவே படத்தை. அந்த நீதிபதி, தரையில ரெண்டு நாள்…"

மகன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அந்தத் தலையாட்டல் சிஸ்டரம்மாவுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். காய்ச்சல் முற்றிப் பிதற்றும் நோயாளிகளிடம் அவரே பல ஆயிரம் முறை அப்படி ஆட்டியிருக்கிறார். ஆமாம், ஆமாம், சரி, இப்போது படுத்துக்கொள்ளுங்கள்.

அவர் எழுந்து நின்றார். வார்டுக் குரலை வரவழைத்துக்கொண்டார். "இங்க பாரு. இது படம் இல்ல. உன் அம்மா சொல்றேன். எனக்கு இந்த வீட்டை விட்டு வர இஷ்டமில்ல. வர மாட்டேன்."

மகன் சிரித்தான். அன்பான சிரிப்புத்தான், அதுதான் கொடுமை. கைபேசியை எடுத்து, விரலால் தள்ளி, கீழ்ப்பாதியைக் கண்டுபிடித்துப் படித்தான்: "இப்படிப்பட்டவர்கள் வாயால் வரமாட்டேன் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல்…" நிமிர்ந்து பார்த்தான். "எல்லாத்தையும் யோசிச்சுத்தான் எழுதியிருக்கே. எங்களுக்குத் தைரியம் குடுக்கத்தானே? நாங்க காதுல போட்டுக்கலம்மா."

தரைத்தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார். முப்பத்தொரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கும் வீடு. மகன் திங்கட்கிழமையே அவருக்குச் சொல்லிவிட்டான் என்பது, சிஸ்டரம்மா மூன்று மாடியும் இறங்கிப்போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது.

"என்ன சிஸ்டரம்மா இப்பப் போய்ச் சொல்றீங்க? உங்க பையன் லெட்டரையே எனக்குப் படிச்சுக் காட்டினாரே. என் சம்சாரம் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. தங்கச்சி பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன்மா. அவ இருந்த இடத்தைக் காலி பண்றேன்னு சொல்லிட்டா. பிள்ளைக்குப் பக்கத்துல பள்ளிக்கூடம் கூடப் பார்த்தாச்சு. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க."

"நான் அந்த அர்த்தத்துல எழுதல."

"பின்ன வேற எந்த அர்த்தத்துலம்மா அப்படி எழுதுவாங்க?"

சிஸ்டரம்மா திரும்பினார். கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சாக மேலே ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்காரத் தோன்றியது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உட்காரவில்லை.

அயல்நாட்டு மகளைக் கைபேசியில் பிடித்தார். அவள் அழுதுகொண்டே பேசினாள். "நீ சொன்னது சரிம்மா. அண்ணனுக்கு முன்னாடி எனக்குத்தான் புரிஞ்சது. பயமா இருக்கும், தெரியும். கடைசி நேரத்துல பின்வாங்காதே." இணைப்பு விட்டுவிட்டு வந்தது. "நான் எழுதியது வெறும் விமரிசனம்" என்று அவர் சொன்ன வாக்கியத்தில் பாதிதான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். முழுவதும் போய்ச் சேர்ந்திருந்தாலும் பயனிருந்திருக்காது.

தையல்காரம்மா ஒருவர்தான் நேராகப் பேசினார். "கதவைச் சாத்திக்கிட்டு உட்காருங்க. யார் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பார்க்கறேன். நான் கத்தரிக்கோலோட வாசல்ல நிக்கறேன்."

"அந்தப் பொண்ணு சாமானோட வந்து நின்னா?"

"அப்ப இன்னொரு லெட்டர் போடுங்க. உங்க வீட்டுப் பாஷைதான் உங்க பிள்ளைங்களுக்குப் புரியுமே! வீட்டுக்காரரை அப்புறம் பார்த்துக்கலாம். அந்த ஜட்ஜ் செஞ்சதுதான் சரின்னு ஒரு வரி எழுதுங்க. முடிஞ்சது கதை."

அது சரியான யோசனை. ஒரே வரி போதும். மகன் அட்டைப்பெட்டிகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு போய்விடுவான், வீட்டுக்காரரின் காலிலும் விழுவான். சிஸ்டரம்மா மேசைக்கு முன் உட்கார்ந்தார். "மீண்டும் யோசித்துப் பார்த்தால், அந்த நீதிபதி தரையில் கிடந்து இறந்ததிலும் ஒரு கம்பீரம்" என்று தொடங்கினார். அங்கே விரல் நின்றுவிட்டது. பதினேழாம் எண் படுக்கையில் வந்து சேர்ந்த ஒரு கணக்காளரின் முதுகு நினைவுக்கு வந்தது. அந்த முதுகைத் துடைத்த கையால் கம்பீரம் என்ற சொல்லை எழுத முடியவில்லை. அழித்தார். மீண்டும் எழுதினார். மீண்டும் அழித்தார். தம் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய் போதும் என்று தெரிந்தும், அந்தப் பொய் தம் கைக்கு வரவில்லை என்பதில் அவருக்குப் பெருமை ஒன்றும் இருக்கவில்லை, ஆத்திரந்தான் இருந்தது.

"சரி, அந்தப் படம் வேணாம். வேற படம் ஒண்ணு பார்த்து எழுதுங்க," என்றார் தையல்காரம்மா. "தனியா இருக்கற பொம்பளை, வயசானவ, வீட்டுல நிம்மதியா இருக்கான்னு ஒரு படம் இல்லாமலா போயிடும்?"

இருவருமாக ஊரில் ஓடும் படங்களின் பட்டியலைப் பார்த்தார்கள். இரண்டு பேய்ப் படம். ஒன்றில் பேயே வயதானவள். மூன்று படங்களில் இருபது வயதுக்காரர்கள் வண்டி ஓட்டினார்கள். ஒன்றில் ஓர் அம்மா முதல் காட்சியிலேயே இறந்து, மகனைப் பழிவாங்க அனுப்பினாள். இன்னொன்றில் அம்மா கடைசிவரை உயிரோடு இருந்தாள். படம் முழுக்க மகனுக்குச் சோறு போட்டாள். எழுபது வயதுக்காரி ஒருத்தி தன் சாவியால் தன் கதவைத் திறந்து, தனக்கு ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, யாருக்காகவும் அழாமல், யாரையும் வாழ்த்தாமல், சும்மா உட்கார்ந்திருக்கும் படம் எந்த அரங்கிலும் ஓடவில்லை. எவனாவது எடுத்தால்தானே ஓடும்!

"நாசமாப் போறவங்க," என்றார் தையல்காரம்மா.

சனிக்கிழமை வண்டி வந்தது.

மகன் வீட்டில் ஒரு குறையும் இல்லை. சன்னல் கிழக்குப் பார்த்தது. குளியலறையில் கம்பி சரியான உயரத்தில் இருந்தது. வார்டில்கூட அவ்வளவு சரியாகப் போட்டதில்லை. மருமகள் தங்கமானவள். காலையில் தேநீர் கட்டிலருகே வந்துவிடும். குடித்த கோப்பையைச் சிஸ்டரம்மா எழுந்து கழுவப் போனால், "ஐயோ அத்தை, குடுங்க" என்று பிடுங்கிக்கொள்வாள். சாவி எதுவும் அவரிடம் இல்லை. கேட்டால் கொடுத்திருப்பார்கள். எப்போதும் யாராவது வீட்டில் இருந்ததால் கேட்க வாய்க்கவில்லை.

இரண்டாம் வாரம் மருமகள் அவரைத் திரைப்படத்துக்கு அழைத்துப் போனாள். நடுவரிசையில், கால் நீட்ட இடமுள்ள இருக்கையாகத் தேடி எடுத்திருந்தாள். கதை ஓட்டை, வசனம் வாந்தி, மருத்துவமனைக் காட்சியில் மருந்து இறங்கும் குழாயைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரம்மா கடிதம் எழுதினார். எந்த வரி யார்மேல் போய் விழுமோ என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "முழங்கால் பரவாயில்லை. படம் நன்றாக இருந்தது."

பத்து நிமிடத்தில் மகள் அழைத்தாள்.

"நல்லா இருந்ததுன்னு எழுதியிருக்கே. உன் ஆயுசுல ஒரு படத்தை நீ அப்படிச் சொன்னதில்லை. அங்க என்னம்மா ஆச்சு? என்கிட்ட நேராச் சொல்லு."

அந்தக் குடும்பத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. சிஸ்டரம்மா வாயைத் திறந்தார். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வெளியே மருமகள், மடித்த துண்டுகளை நெஞ்சோடு அணைத்தபடி, நகராமல் நின்றாள். அவளும் கடிதத்தைப் படித்திருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. பழைய வீட்டில் இந்நேரம் யாரோ ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒண்ணுமில்லடி. நல்லா இருந்தது, நல்லா இருந்ததுன்னு எழுதினேன். உங்க அண்ணி நல்ல சீட்டா எடுத்துக் குடுத்தா."

"சரிம்மா. புரியுது," என்றாள் மகள். என்ன புரிந்தது என்று கேட்கச் சிஸ்டரம்மாவுக்குத் துணிவு வரவில்லை.

மருமகள் உள்ளே வந்து துண்டுகளை அலமாரியில் வைத்தாள். "அத்தை, அடுத்த வாரம் வேற படம் போகலாமா? உங்களுக்குப் பிடிச்சதாப் பார்க்கலாம்."

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா. எனக்கு இனிமே படம் வேண்டாம்."

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். கதவை மெல்லச் சாத்தினாள். சாத்திய கதவு வழியாகவும் அடுக்களைப் பேச்சு கேட்கும் வீடு அது.

"ஏங்க, படம் வேண்டாமாம். அப்படின்னா என்னங்க அர்த்தம்?"

மகன் தட்டைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"இரு," என்றான் அவன். "யோசிக்கிறேன்."