மூடாத ரத்தக்குழாய்

"அசையாதடா, இன்னும் கொஞ்ச நேரம்தான்," என்று மைக்கில் சொல்லிவிட்டு அக்கா திரையின் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஸ்கேன் மெஷினுக்குள் தம்பி படுத்திருந்தான். டைல்ஸ் ஒட்டுகிறவன். காலையில் வேலையிடத்தில் மண்டை பிளப்பதுபோல் வலி, வாந்தி. அக்கா ஸ்கேன் டாக்டராக இருக்கும் ஆஸ்பத்திரிக்கே அவன் மனைவி கூட்டி வந்திருந்தாள்.

நரம்பில் ஏற்றிய மருந்து தலைக்குப் போனதும் ரத்தக்குழாய்கள் வெள்ளையாகத் துலங்கின. கழுத்திலிருந்து ஏறும் குழாயில், இருக்கவே கூடாத கிளை ஒன்று பிரிந்து பின்மூளைக்குப் போயிற்று. கருவில் மட்டும் வேலை செய்துவிட்டு, குழந்தை பிறக்கும் முன்பே மூடிப்போகிற குழாய். இத்தனை வருஷத்தில் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"அடேயப்பா! எல்லாரும் ஓடி வாங்க!" பயிற்சி டாக்டர்களைக் கூப்பிட்டாள். "எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! இப்படி ஒண்ணு கைக்குக் கிடைக்கணுமே!" வாய்விட்டுச் சிரித்தாள்.

ஸ்பீக்கரில் குரல் வந்தது. "என்னக்கா, நல்ல செய்தியா?"

மைக்கை அணைக்க மறந்திருந்தாள்.

அப்புறம்தான், அந்தக் கிளையில் ஓரிடம் மெலிந்து உப்பியிருப்பதும் சுற்றிலும் ரத்தம் கசிந்திருப்பதும் கண்ணில் பட்டன.

"மேடம், உள்ள இருக்கறது உங்க தம்பியா?" என்றாள் ஒரு பயிற்சி டாக்டர். அக்கா எட்டி மைக்கை அணைத்தாள்.

வெளியே தள்ளிவந்த ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி தம்பி தன் மனைவியைத் தேற்றிக்கொண்டிருந்தான். "பயப்படாத. அக்கா உள்ள ஒரே சிரிப்பு. ஏதாவது இருந்தா சிரிப்பாளா?"

"உடனே ஆபரேஷன் பண்ணணும்" என்று மட்டும் அக்கா சொன்னாள். தியேட்டர் வாசலிலேயே குழாய் வெடித்துவிட்டது. சாயங்காலம் போய்விட்டான்.

சிரித்ததால் எதுவும் ஆகிவிடவில்லை என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்திருந்தது எதற்கும் உதவவில்லை.

மறுநாள் அவனை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்களிடமெல்லாம் தம்பி மனைவி சொன்னாள்: "கடைசிவரைக்கும் அவருக்குப் பயமே இல்ல. அவருக்குத் தைரியம் வரட்டும்னு அண்ணி சிரிச்சிருக்காங்க. படத்துல எல்லாத்தையும் பாத்துட்டும் சிரிச்சிருக்காங்க. அந்த மனசு யாருக்கு வரும்?"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"அப்படி இல்லம்மா..."

"சும்மா இருங்க அண்ணி. எனக்குத் தெரியும்."

யாரோ தம்பி மனைவியிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். அவள் வாங்கி, "நேத்துலேருந்து நீங்க ஒரு வாய் குடிக்கல," என்று அக்காவின் உதட்டருகே கொண்டுபோனாள்.

அக்கா தலை குனிந்து குடித்தாள்.